தோங்பா

கேழ்வரகுன்னா நமக்குக் கூழ், களி, அடை. சிக்கிம்ல அதையே வேகவச்சுப் புளிக்கவச்சு, உயரமான மூங்கில் குவளையில் நிரப்பிக் கையில கொடுக்கிறாங்க. பேரு தோங்பா. மேல சுடுதண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் பொறுத்து, மெல்லிய குழாயால உறிஞ்சணும். குழாயோட அடி மூடியிருக்கும், பக்கத்துல சின்னத் துளை. அதனால தானியம் வாய்க்கு வராது. தீர்ந்தா மறுபடி சுடுதண்ணி. ஒரே குவளை மூணு நாலு தடவை தாங்கும்.

போன மார்ச்ல நானும் மனைவியும் பெல்லிங் பக்கம் ஒரு லிம்பு குடும்பத்தோட வீட்டில் தங்கினோம். ஏறக்குறைய 7,000 அடி உயரம். ஆறு மணிக்கே குளிர் எலும்பைத் தொட்டுடும். ராத்திரி சாப்பாடு அடுப்பங்கரையில்தான், அடுப்பைச் சுத்தி. சோறு, முள்ளங்கி போட்ட பன்றிக்கறி, புளிக்கவச்ச சோயாபீன்ஸ்ல செஞ்ச கினேமா. கினேமா நூல் நூலா இழுக்கும், வாசனையும் கொஞ்சம் பலம். நான் ரெண்டாவது தடவை வாங்கினேன். மனைவி முதல் தடவையோட நிறுத்திக்கிட்டாங்க.

தோங்பா போடுறது வீட்டுப் பாட்டி. எல்லாரும் 'ஆமா'ன்னு கூப்பிட்டாங்க, நேபாளியில் அம்மா. நாங்களும் அப்படியே. வெந்த தானியத்தை ஆறவச்சு, மார்ச்சாங்கிற வெள்ளை வில்லையைப் பொடிச்சுத் தூவி, ஒண்ணு ரெண்டு நாள் கூடையில் வச்சு, அப்புறம் பானையில் அடைச்சு வைப்பாங்களாம். எத்தனை நாள்னு கேட்டதுக்கு, மூக்குல விரலை வச்சுக் காட்டினாங்க. மார்ச்சாவில் இருக்கிற பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆமாவுக்குத் தெரிஞ்சது அதைவிட நிறைய.

'டாக்டர், இதெல்லாம் குடிக்கலாமா, கள்ளக்குறிச்சி மாதிரி ஆயிடாதா?'ன்னு சிலர் கேப்பீங்க. 2024 ஜூன்ல அங்க 60 பேருக்கு மேல செத்தது, சாராயத்தில் கலந்த மெத்தனாலால். வீட்டில் தானியத்தைப் புளிக்கவச்சா அந்த அளவுக்கு மெத்தனால் வராது. ஆனா அது இல்லைங்கிறதால கல்லீரலுக்கு நல்லதுன்னு ஆயிடாது. அரிசியோ கேழ்வரகோ பார்லியோ, உள்ள போற எத்தனால் ஒண்ணுதான்.

நான் ஒரு குவளை குடிச்சேன். இளஞ்சூடா, லேசான புளிப்பும் இனிப்புமா இருந்தது.

வீட்டுக்காரர் என் பக்கத்துல. ஐம்பது வயசு இருக்கும். பாட்டு, கிண்டல், ஏலக்காய் விலைன்னு பேசிக்கிட்டே இருந்தார். என் குவளையில் தண்ணி ஊத்த அவர் கையை நீட்டினப்போதான் உள்ளங்கையைப் பார்த்தேன். ஓரமெல்லாம் செக்கச்செவேல்னு. அடுப்பு வெளிச்சமோன்னு நினைச்சேன். ஸ்வெட்டரைக் கழட்டினார், கழுத்துக்குக் கீழ சிலந்தி கால் விரிச்ச மாதிரி ரெண்டு மூணு சிவப்புப் புள்ளி. கண்ணு மஞ்சளா தெரிஞ்சது. ஆனா அந்தக் குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சள்தான்.

அவர் ஊத்திக் கொடுத்த குவளை என் கையில. அம்மா, பெண்சாதி, மகன் எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. அங்க வச்சு என்னத்தச் சொல்றது?

காலையில் மேகம் விலகிக் கஞ்சன்ஜங்கா முழுசா தெரிஞ்சது. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. நான் வெயில்ல அவர் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்தான், சந்தேகமே இல்லை. பிலிருபின் மூணு கிட்டப் போனாத்தான் கண்ணுல இப்படித் தெரியும்.

ஏலக்காய்த் தோட்டத்துப் பக்கம் தனியா நடந்தோம். என் இந்தியும் அவர் இந்தியும் சேர்ந்து எப்படியோ ஓடுச்சு. "தாஜு, கண்ணு எத்தனை நாளா இப்படி?"ன்னு கேட்டேன். தாஜுன்னா அண்ணன். அவர் முதல்ல குளிர்னார். அப்புறம் தூக்கம் இல்லைன்னார். கடைசியா, "வீட்டுக்கு வந்தவங்களோட உட்காராம நான் மட்டும் எழுந்து போக முடியுமா?"ன்னார்.

அதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை. எனக்கு அது பயணத்தில் ஒரு ராத்திரி. அவருக்கு சீசன் முழுக்கத் தினம் ஒரு விருந்தாளி, தினம் அதே ராத்திரி. முந்தின நாள் சென்னையிலிருந்து ஒரு கூட்டம், அதுக்கு முன்னாடி கொல்கத்தா. 'உள்ளூர்க்காரங்களோட உட்கார்ந்து குடிச்சோம்'னு நாம பெருமையா பதிவு போடுறோமே, அந்த உள்ளூர்க்காரர் எத்தனை பேரோட உட்கார்ந்திருப்பார்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்லை.

அவர்கிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். கேசிங்ல இருக்கிற மாவட்ட மருத்துவமனைக்கு இந்த வாரமே போய் ரத்தமும் ஸ்கேனும் பாருங்க. டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்களா ஒரேயடியா நிறுத்திடாதீங்க. இந்த ரெண்டாவதை இங்கயும் சொல்லணும். தினமும் நிறையக் குடிக்கிறவங்க திடீர்னு விட்டா கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மருந்தோட, மேற்பார்வையோடதான் நிறுத்தணும். மகனையும் கூப்பிட்டு, அவர் முன்னாடியே இதெல்லாம் திருப்பிச் சொன்னேன்.

கிளம்புறப்போ ஆமா ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தாங்க. அவர் ஜீப் வரைக்கும் வந்தார், ஒண்ணும் பேசலை. கோபம்னு நினைச்சேன்.

ஒன்பதாம் நாள் மகன் வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் அனுப்பினான். பிலிருபின் 4.1. கல்லீரல் வீங்கியிருக்கு, வயித்துல நீர் இன்னும் சேரலை. மருந்து கொடுத்து அங்கேயே நிறுத்தவச்சிருக்காங்க. இப்பவும் விருந்தாளிகளோட உட்கார்றாராம், கையில பால் இல்லாத டீ. தோங்பா ஊத்துறது மகன்.

அக்டோபர்ல தசைன் பண்டிகைக்கு மூணு நாள் மறுபடி குடிச்சிருக்கார். அப்புறம் அவரே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். போன வாரம் வந்த ரிப்போர்ட்ல பிலிருபின் 1.6.