மடியில் கிடந்த பின்

திங்கள்

காலை கண்டாச்சிபுரம் பஸ் ஸ்டாப்பில் ஓர் ஆயா, போர்டு படிக்கத் தெரியாதவர், பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டார்: "கண்ணு, இது வேட்டவலம் போவுதா?" பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். பையன் தலையாட்டினான். ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் கால் வைத்துவிட்டார். வண்டி விழுப்புரம் போவது. தலை அது பாட்டுக்கு ஆடியிருக்கிறது, பாட்டுக்குத்தான்.

கையைப் பிடித்து இறக்கி, எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னேன். அப்போதுதான் அவன் காதில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்ததை ஆயா பார்த்தார். "அடப் பாவமே, இந்த வயசுலயே காது மிஷினா?" என்றார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கம் "எங்க போற?" என்பதுதான் வணக்கம். "இதோ, இப்டித்தான்" என்றால் போதும், ஊர் பெயரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் போனால் அந்தத் தெருவில் மூன்று நாளைக்கு அதுதான் பேச்சு. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அந்தப் பையனை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

செவ்வாய்

தலைவலி. பின் சீட்டில் ஒருவர் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே வந்தார். எந்தப் பாட்டும் இரண்டு வரிக்கு மேல் இல்லை. நடுவில் ஒரு குழந்தை அழுகை, ஒரு அரசியல் முழக்கம், மறுபடியும் பாட்டு. கேதார் தாண்டியும் ஓயவில்லை. கர்நாடக அரசு பஸ்களில் 2021 நவம்பரிலேயே இதற்குத் தடை போட்டுவிட்டார்கள். சொல்லிக் கேட்காதவரைக் கண்டக்டர் இறக்கிவிடலாம். டீக்கடை ரேடியோவும் சத்தம்தான். ஆனால் அது எல்லோருக்குமாக வைத்தது, பிடிக்கவில்லை என்றால் "மாத்துண்ணே" என்று சொல்ல முடியும். இந்த மனுஷனுக்கு யாராவது ஒரு ஹெட்செட் வாங்கித் தரக்கூடாதா என்று நேற்றுப் பையனைத் திட்டிய அதே மனம் கேட்டது.

புதன்

முன் சீட்டில் இரண்டு பாலிடெக்னிக் பெண்கள், ஒரே வயர், ஆளுக்கு ஒரு காது. வயர் நீளம் போதாமல் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டே விழுப்புரம் வரை வந்தன. பள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்து முட்டிக்கொள்ளும், சிரிக்கும்.

சோனி கம்பெனி முதல் வாக்மேனை 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது அதில் ஹெட்போன் மாட்ட இரண்டு ஓட்டை வைத்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் பாட்டு தணியும், உள்ளே இருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். கூட ஆள் இருக்கும்போது தான் மட்டும் பாட்டுக் கேட்பது மரியாதை இல்லை என்று அந்தக் கம்பெனியின் அகியோ மொரிட்டா நினைத்தாராம். வாங்கியவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை போலும். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் இல்லை.

வெள்ளி

பக்கத்தில் கல்லூரிப் பெண். அவளுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டிப் பெரியவர்.

"எந்த ஊரும்மா?"

சொன்னாள்.

"அங்க எந்தத் தெரு?"

கோயில் பக்கம் என்றாள். கோயில் எல்லாப் பக்கமும்தான் இருக்கிறது.

"யார் வீட்டுப் பொண்ணு?"

இந்த மூன்று கேள்வியும் எங்கே போய் முடியும் என்று விழுப்புரம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் பெரியவர் நெருங்கி உட்காருவாரா, தள்ளி உட்காருவாரா என்பதுதான் மிச்சம். அவள் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்து, அவசரமே இல்லாமல் சிக்கெடுத்து, காதில் மாட்டிக்கொண்டாள். போன் பைக்குள்ளேயே இருந்தது. வயரின் மறுமுனைப் பின் அவள் மடியில் சும்மா கிடந்தது.

நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கு, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடு என்றதும் ஒரு காலத்தில் மரியாதை என்றுதான் சொல்லப்பட்டது. யார் இறக்கினார்கள், யாருக்காக என்பதுதான் கேள்வி. கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று திங்கட்கிழமை நான் எழுதியது, கேட்கும் உரிமை உள்ளவர்கள் போட்ட சட்டம்.

சனி

இன்று நானும் பாட்டு இல்லாமல்தான் மாட்டியிருந்தேன். சீட்டுப் பிடித்துத் தரச்சொல்லி, வழியெல்லாம் என் சம்பளம் கேட்கும் ஒரு அம்மாவுக்காக. பெண் என்பதால் எனக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, ஆனாலும் இறங்கும் இடத்தைச் சொன்னால்தான் டிக்கெட் கிழிப்பார்கள். கண்டக்டர் இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கம்பியில் காசால் தட்டினார். ஒன்றைக் கழற்றி "விழுப்புரம்ணா" என்றேன். பின்னால் இருந்த அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

திங்கள்

அதே ஸ்டாப், அதே ஆயா, அதே பையன். ஆயா இன்று வாயைத் திறக்கவில்லை. அவன் எதிரில் போய் நின்று பஸ்ஸைக் காட்டி, கையை விரித்து, வேட்டவலம் இருக்கும் திசையில் ஆட்டினார். பையன் பதறிப்போய் இரண்டு காதிலிருந்தும் கழற்றினான்.

"இது விழுப்புரம், ஆயா. எதிர்ல நில்லு, நான் ஏத்திவுடறேன்."

ஆயா என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா, மிஷின கழட்டுனாத்தான் இந்தப் புள்ளைக்குக் காது கேக்குது!"