பீர் போச்சு... பேர் நிக்குது!
கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? 1958-ல் தொடங்கிய பேட்டை. பட்டறை ஷெட்டுகள் இருந்த பல இடங்களில் இப்போ கண்ணாடிக் கட்டடங்கள்!

இதே கதைதான் பெங்களூரு யு.பி. சிட்டியும். பளபளக்கும் அந்த டவர் நிற்பது, பழைய பீர் ஆலை இருந்த மண்ணில். நீலகிரியின் 1857-ம் வருஷத்து கேஸில் ஆலை உள்பட ஐந்து தென்னிந்திய ஆலைகளை ஒண்ணாக்கி, 1915-ல் 'யுனைடெட் புரூவரீஸ்' ஆரம்பிச்சவர் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் லீஷ்மன். வெள்ளைக்கார சிப்பாய்களுக்குப் பீப்பாய் பீப்பாயா சப்ளை! 1947-ல் முதல் இந்திய இயக்குநராக விட்டல் மல்லையா வந்தார். இன்னிக்கு அந்தச் சாலைக்கே அவர் பேர்தான்.

ஆனா, அங்கே ஷாப்பிங் போறவங்கள்ல எத்தனை பேருக்கு யு.பி.யில் 'பி' எதுக்குன்னு தெரியும்?

அடுத்த தடவை கிண்டியில் ஒரு பழைய ஷெட்டைப் பார்த்தா, உள்ளே எட்டிப் பார்த்து, 'என்ன செய்றீங்கண்ணே?'னு கேளுங்க. பேர் மட்டும் மிஞ்சுறதுக்கு முன்னாடி!