டேப்பு இருக்க தராசு எதுக்கு?

காவிரி மஷீர் அழியற நிலையில இருக்கு மக்களே. அதோட அறிவியல் பெயரே 2018-லதான் ஒரு முடிவுக்கு வந்துச்சு. அப்படிப்பட்ட மீன் தூண்டில்ல மாட்டிக்கிட்டா, எடை பாக்கறேன்னு தாடையில கொக்கி போட்டு தராசுல தொங்கவிடறது கொடுமை. திரும்ப ஆத்துல விட்டாலும் பிழைக்கறது சந்தேகம்.

தண்ணியில வச்சே டெய்லர் டேப்பால அளந்துடலாம். வாய் நுனியிலேர்ந்து வால் பிளவு வரை நீளம், உடம்பு பெருத்த இடத்துல சுற்றளவு. நீளம் × சுற்றளவு × சுற்றளவு ÷ 800. அங்குலத்துல அளந்தா பவுண்டு வரும். செ.மீ.ல அளந்து 29-ஆல வகுத்தா கிராம். நீளம் 90, சுற்றளவு 54-ன்னா சுமார் 9 கிலோ.

அதென்ன 29? மீனோட அடர்த்தி ஏறக்குறைய தண்ணியோடதுதான். மீன் முழு உருளையா இருந்தா 4 பை, அதாவது 12.57-ஆல வகுத்தா போதும். ரெண்டு முனையும் கூம்பிப் போறதால உருளையில பாதிகூட தேறாது. (சீலா மாதிரி ஒல்லிப்பிச்சானுக்கு வகுக்கிற எண் இன்னும் கூடும்.)

டேப்பை லூசா பிடிச்சு சுற்றளவுல 3 செ.மீ. கூடிட்டா ஒரு கிலோ ஏறிடும், வர்க்கமாச்சே! நீளத்துல அதே 3 செ.மீ.க்கு 300 கிராம்தான். ஆகவே, யாராச்சும் 'பத்து கிலோ மீன் புடிச்சேன்'னா, டேப்பை எப்படிப் பிடிச்சீங்கன்னு கேளுங்க :-)