சுரக்குறிப்பும் ஒரு தாலாட்டும்

தமிழை மூன்றாக வகுத்துப் பெருமை பேசும் நாம், அவற்றுள் இசைத்தமிழைப் பெயர்ப்பட்டியலாகவே கற்று வருகிறோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களையும் பிழையற எழுதி மதிப்பெண் பெறும் மாணாக்கரை நோக்கி, ‘துத்தத்தைப் பாடிக் காட்டுக’ என்றால் வாய் திறவார். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி மகளிர் எழுவரை நிறுத்தி, ஆளுக்கொன்றாக இவ்வேழு பெயர்களையும் சூட்டுகிறாள். ஆயர்பாடிப் பெண்களுக்குப் பழகிய உறவுப் பெயர்கள்போல் விளங்கியவை, நமக்கு உரையாசிரியரின் துணையின்றிப் பொருள்படாத சொற்களாயின. (குரல் என்பது சட்சமா, மத்திமமா என்று அறிஞர் வழக்காடுவர். அவ்வழக்கு ஈண்டு வேண்டா.)

யாம் சுரக்குறிப்புப் படிக்கத் தொடங்கியது அறிவுவேட்கையால் அன்று, தேவையால். எம் பாட்டியார் பாலக்கோட்டை அடுத்த சிற்றூரொன்றில் எண்பது அகவை கடந்து வாழ்ந்து வந்தார். எழுத்தறியாதவர். அவர் பாடும் தாலாட்டின் சொற்களை எம் சிற்றப்பா குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். சொற்கள் பிழைத்துக்கொண்டன. இசையோ அந்த மூதாட்டியின் தொண்டையில் மட்டுமே இருந்தது. அத்தொண்டையும் நாளுக்கு நாள் தளர்ந்து வந்தது. ஒலிநாடாவில் பதிந்தால் போதாதோ என்பார் உளர். அதுவும் செய்தோம். நாடா கேட்கத் தரும். எவ்விடத்தில் ஏறி எவ்விடத்தில் இறங்குவது என்று பாட வருபவர்க்குச் சுட்டிக்காட்டாது.

தருமபுரியில் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்துவந்த பெரியவர் ஒருவர் எமக்கு ஆசானாக வாய்த்தார். சரளிவரிசைப் புத்தகம் ஒன்றை விரித்து முன்வைத்தார். ச ரி க ம ப த நி என்னும் ஏழெழுத்தும் குழந்தையும் அறிந்தவை. ஆயினும் இறுதிச் சகரத்தின் தலைமேல் ஒரு புள்ளி நின்றது. தொல்காப்பியம் பயின்ற கண்ணுக்கு அது ‘ச்’ என்னும் மெய்யெழுத்தாகவே தோன்றும். இங்கோ புள்ளி ஒலியை அடக்கவில்லை. மேல் தாயிக்கு உயர்த்துகிறது. அதே புள்ளி எழுத்தின் அடியில் வீழ்ந்தால் சுரம் கீழ்த் தாயிக்கு இறங்குகிறது. இலக்கணம் கற்ற தமிழாசிரியரை இசைப் புத்தகம் முதற்பக்கத்திலேயே மடக்கும் இடம் இது. குறிலுக்கு ஓர் அளவும் நெடிலுக்கு ஈரளவும் என்பது மட்டும் நம் மாத்திரைக் கணக்கோடு ஒத்து நின்று ஆறுதல் அளித்தது. காற்புள்ளிக்கு ஓரளவு, அரைப்புள்ளிக்கு ஈரளவு.

அடுத்த இடர் பெரிது. ஏழெழுத்துக்கு ஆர்மோனியத்தில் இருப்பவை பன்னிரண்டு கட்டைகள். அப்பன்னிரண்டு இடங்களுக்கு வழங்கும் பெயர்களோ பதினாறு. சரளிவரிசைக்குரிய மாயாமாளவகௌளையில் ரி என்பது சட்சத்துக்கு அடுத்த கட்டை. சங்கராபரணத்தில் அதே ரி இன்னும் ஒரு கட்டை தள்ளி நிற்கிறது. எழுத்து ஒன்றே; ஒலி வேறு. ஆகவே, சுரத்தைப் படிக்குமுன் தலைப்பில் உள்ள இராகத்தின் பெயரைப் படித்தாக வேண்டும். சட்சமும் ஓரிடத்தில் கட்டுண்டதன்று. பாடுவோர் குரலுக்கேற்ப ஒரு கட்டையிலோ ஐந்து கட்டையிலோ அமரும். மேலைநாட்டு ஐங்கோட்டு முறையில் கோட்டின் தொடக்கத்தில் இடும் குறி, ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய சுரத்தை நிலையாக அறுதியிட்டு விடுகிறது. நம் முறையில் எல்லாம் உறவுக் கணக்கு. “சட்சத்தைக் கையில் பிடியுங்கள் தம்பி, மற்ற ஆறும் தாமாக வரும்” என்பார் ஆசான்.

இசையை எழுத்தில் பிடிக்கும் முயற்சி புதிதன்று. புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள குடுமியான்மலைப் பாறையில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில், ஒவ்வொரு சுரத்தின் உயிரையும் நால்வகையாக மாற்றிச் சுரங்களை வரிவரியாக வெட்டி வைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த சஃபியுத்தீன் உர்மவீ, சுரங்களை அரபு எழுத்துகளாலும் அவற்றின் கால அளவை எண்களாலும் குறித்தார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கும் தனித்தனி அடையாளங்கள் இட்டார். அவ்வடையாளங்கள் பின்வந்த பாடநூல்களில் பரவலாக நிலைக்காமற் போனது நம் இழப்பே என்போம்.

அந்த இழப்பின் அளவு தாலாட்டை எழுத அமர்ந்தபோது விளங்கிற்று. பாட்டியார் பாடப் பாட ஆசான் கட்டையைத் தேடுவார், யாம் எழுதுவோம். கீழ் நிசாதம் முதல் பஞ்சமம் வரை ஆறே சுரங்கள். மேல் சட்சத்தை அப்பாட்டு எட்டவேயில்லை. “இது என்ன இராகம்?” என்றோம். “பிள்ளைத் தாலாட்டுக்கு இராகப் பெயர் கேட்டால் உங்கள் பாட்டியே சிரிப்பார்” என்றார் ஆசான். காந்தாரம் மட்டும் அகப்படவில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே ஓரிடத்தில் அது நின்று அசைந்தது. ஆர்மோனியத்தில் அதற்குக் கட்டை இல்லை. நெடுநேரம் முயன்ற ஆசான், கருவியை மூடிவிட்டு, “எழுத்தை இட்டு மேலே ஓர் அலைக்கோடு போடுங்கள் தம்பி; படிப்பவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்” என்றார். அவ்வாறே இட்டோம்.

முழுதும் எழுதி முடித்தபின், தாளைப் பார்த்துப் பாட்டியாருக்கு யாமே பாடிக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டிருந்தவர், மூன்றாம் வரியின் ஈற்றில் கையை உயர்த்தி நிறுத்தினார். “அங்கே இன்னும் கொஞ்சம் இழுக்கணும் கண்ணு. பிள்ளை கண்ணு சொக்குறது அங்கேதான்” என்றார். காந்தாரத்துக்குப்பின் ஓர் அரைப்புள்ளி சேர்த்து மீண்டும் பாடினோம். தலையசைத்தார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். எம் தமக்கையின் மகள் அத்தாளைப் படியெடுத்துத் தன் குழந்தைக்குப் பாடுகிறாள். அலைக்கோடு வரும் இடத்தில் மட்டும், அங்கே எப்படிப் பாடுவது என்று எம்மைக் கேட்பாள், பாடிக் காட்டுவோம்.