பத்து எக்கூ

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் மிளகும் காப்பித்தூளும் விலை கேட்டுக்கொண்டு நிற்கும்போது, உள்ளூர்க்காரர்கள் வழி சொல்வதில் மான்ட்ஃபோர்ட் என்ற பெயர் அடிக்கடி வரும். 1917இல் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. நடிகர் விக்ரம் படித்த இடம், அன்புமணி ராமதாஸ் படித்த இடம் என்பதெல்லாம் ஊர் அறிந்த செய்தி. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. தெரிந்துகொண்டால், பணத்தையும் சொத்தையும் பற்றி நெடுநேரம் யோசிக்க வைக்கிற வாழ்க்கை அது.

லூயி மரி கிரிஞ்ஞோன் 1673இல் பிரான்சின் மோன்ஃபோர் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஊர்ப் பெயரே பின்னால் அவர் பெயராயிற்று. தகப்பனார் வக்கீல், பெரிய குடும்பம். இருபது வயது மட்டில், குருவாகப் படிப்பதற்காக ரென் நகரத்திலிருந்து பாரிசுக்குப் புறப்பட்டார். வீட்டில் குதிரை தருகிறோம் என்றார்கள். நடந்தே போகிறேன் என்றுவிட்டார். புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். மாற்றுத்துணி கட்டிய மூட்டை ஒன்று. கைச்செலவுக்குப் பத்து எக்கூ, அந்தக் காலத்து வெள்ளிக்காசு. ஊருக்கு வெளியே செசோன் என்ற இடத்தில் ஆற்றுப் பாலம் வரைக்கும் வீட்டார் கூடவே வந்து வழியனுப்பினார்கள்.

பாலத்தைத் தாண்டி அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு நடந்ததுதான் கதை. எதிர்ப்பட்ட ஏழைகளில் ஒருவருக்குக் காசு போயிற்று. இன்னொருவருக்கு மூட்டை. வேறொருவரோடு உடுத்தியிருந்த சட்டையையே மாற்றிக்கொண்டார். புதுத்துணி அந்த மனிதர் மேல், அவருடைய கந்தல் இவர் மேல். அங்கேயே முழங்காலில் நின்று, இனி எதையும் எனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்தார். பாரிஸ் இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. மழையில் நடந்து, பிச்சையெடுத்துச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் படுத்து ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே படிக்கிற காலத்தில் சாப்பாட்டுச் செலவுக்காக அவர் பார்த்த வேலை, செத்தவர்களின் வீடுகளில் இரவெல்லாம் பிணத்துக்குக் காவலிருப்பது.

இளமை வேகத்தில் செய்த காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியும். ஆனால் இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே பத்து எக்கூ மறுபடியும் வருகிறது. இந்த முறை அவருடைய உயிலில்.

1716 ஏப்ரல் 27. சேன் லோரான் என்ற ஊரில் மக்களுக்குத் தியானப் பிரசங்கம் செய்ய வந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வயது 43. முல்லோ என்ற குருவானவரிடம் உயிலைச் சொல்லி எழுத வைத்தார். மறுநாள் இறந்துபோனார். அந்த உயிலில் சொத்து என்று முதலில் வருபவை சில தட்டுமுட்டுச் சாமான்களும் பிரசங்கத்துக்கான புத்தகங்களும். அவையும் ஏழ்மைக்கும் கீழ்ப்படிதலுக்கும் வாக்குக் கொடுத்துத் தன்னோடு சேர்ந்த நான்கு சகோதரர்களின் உபயோகத்துக்கு. ஆண்டுதோறும் அந்த வாக்கைப் புதுப்பிக்கிற காலம் வரைக்கும் மட்டுமே. கையில் தனக்கென்று பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, 135 லிவர் இருக்கிறது, அது நிக்கோலா என்ற சகோதரருடையது, அவர் சாப்பாட்டுச் செலவுக்கானது என்று பிரித்துக் காட்டுகிறார். சாகக் கிடக்கிற ஒரு மனிதர், இது என்னுடையது அல்ல, இன்னாருடையது என்று கடைசிக் காசு வரைக்கும் கணக்குச் சொல்கிறார்.

அப்புறம்தான் அந்த வரி. வாக்குக் கொடுக்காமல் கூட இருந்த மூன்று உதவியாளர்களின் பெயரைச் சொல்லி, இவர்கள் போக விரும்பினால் ஆளுக்குப் பத்து எக்கூ கொடுத்து அனுப்புங்கள் என்கிறார். இருக்கிறவர்களுக்குப் பங்கு கிடையாது. போகிறவர்களுக்குப் பணம். உலகத்து உயில்கள் எல்லாம் எதிர்த்திசையில் எழுதப்படுகின்றன. கடைசி வரை கூட இருந்தவனுக்கு வீடு, விட்டுப் போனவனுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் நம் ஊர் வழக்கம். மான்ட்ஃபோர்ட் இப்படி நினைத்திருக்க வேண்டும்: இருக்கிறவனைச் சபை பார்த்துக்கொள்ளும், கடவுள் பார்த்துக்கொள்வார். வெளியே போகிறவன் நாளைக்குக் காலையில் சாப்பிட வேண்டும், அவனுக்குத்தான் காசு தேவை. பணத்தை அவர் வெறுக்கவில்லை. யாருக்கு அது வேண்டும் என்று பார்த்து, அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். வீட்டார் தன்னை வழியனுப்பிக் கொடுத்த அதே தொகையைக் கொடுத்து மற்றவர்களை வழியனுப்பினார்.

அந்த நான்கு சகோதரர்களின் வழியை 1821 முதல் கபிரியேல் தெயே என்ற குரு பெரிய சபையாக வளர்த்தார். புனித கபிரியேல் சகோதரர்கள் சபை என்று பெயர். 1903இல் பிரெஞ்சு அரசு துறவற சபைகளின் பள்ளிகளை மூடி, கட்டடங்களைக் கைப்பற்றியபோது ஆயிரக்கணக்கான துறவியர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கபிரியேல் சகோதரர்கள் இந்தியாவுக்கு வந்ததும் அதே ஆண்டுதான். பதினான்கு ஆண்டுகளில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வந்துவிட்டார்கள்.

அந்த மலை அப்போதே உடைமைகளின் மலையாக மாறியிருந்தது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து, காடு எஸ்டேட் ஆயிற்று, எஸ்டேட்டுக்கு வேலியும் துரையும் வந்தார்கள். சேர்வராயன் சாமியைக் கும்பிட்டு மலையில் வாழ்ந்துவந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தங்கள் மண்ணில் ஓர் ஓரம் மிஞ்சியது. எல்லைக்கல் நட்ட அதே மலையில்தான், எதையும் எனதென்று சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர்களும் வந்து பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

அந்த வாக்கு அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்பது வெளியாட்களுக்குத் தெரிவதில்லை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளில் ஏழ்மை என்பது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம். செருப்பு அறுந்தால் இல்லத் தலைவரிடம் கேட்க வேண்டும். சேலம் போக பஸ் செலவுக்கு வாங்கினால் மிச்சத்தைச் சீட்டோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐம்பது வயதுத் தலைமையாசிரியர், இரண்டாயிரம் பிள்ளைகளை மேய்க்கிறவர், சட்டைத்துணிக்குக் கேட்டு வாங்குகிறார். திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதி இதை வரையறுக்கிறது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே தன் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன் உயில் எழுத வேண்டும். அதன்பின் உழைத்துச் சம்பாதிப்பது, ஓய்வூதியம், உதவித்தொகை, காப்பீட்டுப் பணம் என எது வந்தாலும் சபைக்கே வருவதாகக் கொள்ளப்படும்.

இந்த விதியே சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் அருட்சகோதரிகள், குருக்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்பது வழக்கு. சபையிடம் ஒப்படைக்கப்படும் பணத்துக்கு வரி இல்லை என்று 1944இல் வந்த சுற்றறிக்கையை வைத்துப் பல்லாண்டுகளாகப் பிடிக்காமலே இருந்தார்கள். பிறகு பிடிக்க உத்தரவு வந்தது. சபைகளின் வாதம்: வார்த்தைப்பாடு கொடுத்தவர் சொத்து விஷயத்தில் இறந்தவருக்குச் சமம், அந்தச் சம்பளம் ஒரு நாளும் அவருடையதாகவே இல்லை. நீதிமன்றத்தின் கேள்வி: சம்பளம் யார் பெயரில் வந்தது, யார் வேலைக்கு வந்தது? 2019இல் உயர் நீதிமன்ற அமர்வு வரி பிடிக்கலாம் என்றது. 2024 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. வந்த பணத்தை என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம், வந்தது வந்ததுதான் என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் வேதாகமத்தைப் புரட்டினால் நீதிமன்றத்தின் பக்கம் சாய்கிற ஒரு கதை இருக்கிறது. அப்போஸ்தலர் பணிகளில் அனனியாவும் அவன் மனைவியும் நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு, முழுவதையும் கொடுத்ததாகச் சொன்னார்கள். பேதுரு அவனிடம் சொல்வதைக் கவனித்துப் படிக்க வேண்டும். நிலம் உன்னுடையதாகத்தான் இருந்தது, விற்ற பணமும் உன் கையில்தான் இருந்தது என்கிறார். வைத்துக்கொண்டது குற்றமில்லை. கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னதே குற்றம். கொடுப்பதற்கு முன்னால் அது ஒருவருடையதாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. செசோன் பாலத்தில் பத்து எக்கூ அந்த வாலிபனுடையதாக இருந்தது. அதனால்தான் அது காணிக்கை ஆயிற்று.

தமிழர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. செல்வந்தனான வாலிபன் ஒருவன் சோகமாகத் திரும்பிப் போன பிறகு, இயேசு ஊசிக் காதையும் ஒட்டகத்தையும் பற்றிப் பேசினார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் ஒருவருக்கு ஒரு பெட்டியில் காதில்லாத ஊசி வந்தது, அவர் பட்டினத்தார் ஆனார் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. ஓர் ஊசி உள்ளே நுழைய முடியாது என்கிறது. மற்றது கூட எடுத்துப்போக முடியாது என்கிறது. மான்ட்ஃபோர்ட்டின் உயில் இந்த இரண்டுக்கும் அப்பால், இருக்கிறபோது யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்ற கேள்விக்கு வருகிறது.

ஏழ்மை வார்த்தைப்பாட்டைப் பற்றி உண்மையாகப் பேசுகிறவர்கள் கேட்டே தீர வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. தனி மனிதர் எதையும் சொந்தம் கொண்டாடாமல், அவர் வாழும் சபை மட்டும் பெரும் நிலமும் கட்டடமும் வங்கி இருப்பும் வைத்திருந்தால் அது ஏழ்மையா? நான் என்று சொல்லத் தயங்குகிற மனம், நாங்கள் என்று சொல்லும்போது தயங்குவதில்லை. பேராசைக்கு அந்தப் பன்மை நல்ல மறைவிடம். இது வெளியே இருந்து எறியப்படும் கல் அல்ல. 1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவறம் குறித்து வெளியிட்ட ஏட்டின் 13ஆம் எண்ணே இதைச் சொல்கிறது. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிச் செலவழித்தால் மட்டும் போதாது, உண்மையிலேயே ஏழையாக இருக்க வேண்டும். சபைகளும் கூட்டாக ஏழ்மைக்குச் சாட்சியாக நிற்க வேண்டும், ஆடம்பரத்தின் சாயலைக்கூடத் தவிர்க்க வேண்டும், தம்மிடம் உள்ளதை ஏழைகளுக்கும் மற்றத் தேவைகளுக்கும் பகிர வேண்டும் என்கிறது.

குடும்பஸ்தர்களுக்கு வார்த்தைப்பாடு இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், வீட்டுக் கடன் இருக்கிறது, வயதான தாய்க்கு மருந்து வாங்க வேண்டும். அவர்கள் பாலத்தருகே சட்டையை மாற்றிக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அவர்களுக்கென்றே ஒரு பழக்கம் இருந்தது. உலை கொதிக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் உலையில் இடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பானை கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசி. திருநெல்வேலிச் சீமையின் பனையேறிக் குடும்பங்களில் பல வாரங்களில் அரிசியே குறைவு. அப்போதும் முதல் பிடி பானைக்குத்தான். அப்படிப்பட்ட வீடுகளின் பணத்தையே நம்பி, 1903இல், கபிரியேல் சகோதரர்கள் இந்தியாவுக்கு வந்த அதே ஆண்டில், வி.எஸ். அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. வெள்ளைக்காரர் பணத்தில்தான் சபை நடக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

அந்தப் பிடி அரிசியில் விஷயம் அளவு அல்ல, வரிசை. சமைத்துச் சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, சமைக்கும் முன்பே எடுத்து வைப்பது வேறு. மிச்சத்தைக் கொடுக்கிறவர் தன் தேவையை முதலில் தீர்மானித்துக்கொள்கிறார், தேவைக்கோ எல்லையே இல்லை. முதலில் எடுத்து வைக்கிறவருக்கு எஞ்சியதுதான் தேவையின் எல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்தப் பானையை மறுபடியும் அடுப்படிக்குக் கொண்டுவரட்டும். அரிசியாக இருக்க வேண்டியதில்லை, சம்பளம் வந்த அன்றே ஒதுக்கும் தொகையாக இருக்கட்டும். சபைகளும் திருச்சபை நிர்வாகங்களும் தங்கள் வரவு செலவுக் கணக்கை விசுவாசிகள் முன்னால் ஆண்டுக்கு ஒருமுறை வாசிக்கட்டும், எஸ்டேட் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் எத்தனை இடம் ஒதுக்கினோம் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக இருக்கட்டும். நிக்கோலாவின் 135 லிவரைச் சாகும்போதும் தனியே பிரித்துச் சொன்னவரைப் புனிதராக ஏற்றுக்கொண்டவர்கள், 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த திருச்சபையைச் சேர்ந்தவர்கள், அதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள்.