அம்பாசிடரின் கியர் பாக்ஸ்

கீழ்பென்னாத்தூரில், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, தீப காலத்திலும் கல்யாண மாதங்களிலும் மட்டுமே வெளியே வந்து, மற்ற நாட்களில் கொட்டகையில் கிடக்கும் பழைய அம்பாசிடர் கார்களோடு நெடுநாளைய பரிச்சயம். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டிக்கு இன்று உதிரிபாகம் தேடுவது பெரும் பிரயாசை. ஆயினும், கிடைத்த பாகத்தையும் மாட்டாமல் விடவேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு.

கியர் பாக்ஸை இறக்குமுன் வண்டியை ஓட்டிக் காதால் பரிசோதிக்க வேண்டும். முதல் மூன்று கியர்களில் முனகிக்கொண்டே வந்து, டாப் கியர் விழுந்ததும் சப்தம் அடங்கிவிடுமானால், சந்தேகம், மெயின் ஷாஃப்டுக்கு இணையாகச் சுற்றும் லே ஷாஃப்டின் மேல். ஏனெனில் டாப்பில் எஞ்சினின் சுழற்சி நேராகவே மெயின் ஷாஃப்டுக்குப் போய்விட, லே ஷாஃப்ட் பாரமின்றிச் சும்மா சுற்றுகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கியர் தானாகவே நியூட்ரலுக்குத் துள்ளினால், அது வேறு வியாதி: செலக்டர் ராடைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது ஹப்பின் பற்கள் சரிவாகத் தேய்ந்திருக்கலாம்.

பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சாய்த்துப் பார்க்கையில், பல்லின் முகம் முழுதும் ஒரே சீராய்ப் பளபளத்தால் அந்தத் தேய்மானம் குற்றமன்று. அம்மைத் தழும்புபோல் பொடிக்குழி விழுந்திருந்தால்தான் கழிக்க வேண்டும். பல்லாண்டு ஒன்றையொன்று தேய்த்துப் பழகிவிட்ட இரு சக்கரங்களில் ஒன்றை மட்டும் புதிதாக்கினால், முன்பில்லாத ஊளையொன்று கிளம்பும். ஆகையால் மாற்றினால் ஜோடியாக மாற்றுவேன், இல்லையேல் தொடமாட்டேன். இதைக் கஞ்சத்தனமென்று எண்ணும் வண்டிக்காரர்கள் உண்டு, எண்ணிவிட்டுப் போகட்டும். கியர் விழுமுன் வேகங்களை ஒன்றாக்கும் சிங்க்ரோ ரிங் விஷயத்தில் மாத்திரம் எனக்குத் தாட்சண்யம் கிடையாது: கோனில் அழுத்தித் திருகும்போது கவ்வாமல் வழுக்கினால், அது குப்பைக்குத்தான்.

பொறுமையைச் சோதிப்பது, லே ஷாஃப்டின் பேரிங்கிலுள்ள ஊசிகளான நீடில்களை ஒவ்வொன்றாகக் கிரீஸில் ஒட்டவைத்து, நடுவே ஒரு குட்டை ஷாஃப்டைச் செருகி, பின்னர் அசல் ஷாஃப்டை மெல்லத் தட்டி அந்தக் குட்டையை வெளியேற்றும் கட்டம்; ஓர் ஊசி உள்ளே சரிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு, “ஓடும்போது ஃபர்ஸ்ட் கியர் போட்டா இன்னும் கரகரங்குதே, அண்ணா” என்று வண்டி ஓட்டும் பையன்கள் வந்து நிற்பார்கள். அந்தப் பழைய பாக்ஸில் ஃபர்ஸ்டுக்குச் சிங்க்ரோவே கிடையாது. ஆதலால் இப்போதெல்லாம், நியூட்ரலில் கிளட்சை விட்டு மறுபடி மிதிக்கும் டபுள் கிளட்ச் அடிக்கக் கற்றுக்கொடுத்த பிறகே சாவியைக் கையில் தருகிறேன்.