தைத்த படகும் சென்னைக் கரையும்

எங்கள் பொதட்டூர்பேட்டையில் கடல் இல்லை. திருத்தணியைத் தாண்டி உள்நாட்டில், தறிச் சத்தத்திலே கண் விழிக்கும் ஊர் இது. ஆயினும் நெசவின் சரித்திரத்தைச் சொல்லப் புகும் உபாத்தியாயர் சென்னைக் கடற்கரைக்குப் போகாமல் தீராது. ஆங்கிலக் கம்பெனியார் 1639-ல் அங்கே இடம் பிடித்ததே துணி வியாபாரத்துக்காகத்தான். விந்தை என்னவென்றால், அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் துறைமுகம் கிடையாது. வெறும் மணற்கரைதான் இருந்தது.

ஆகவே கப்பல்கள் எட்டத்திலேயே நங்கூரம் பாய்ச்சின. சீமையிலிருந்து மாதக் கணக்காகப் பிரயாணம் செய்து வந்தவர்களுக்குக் கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பெரிய கண்டம் காத்திருந்தது. வரிசை வரிசையாக எழுந்து உடையும் அலைகளில் கப்பலின் சொந்தப் படகு சிக்கினால், தரையில் மோதிச் சிதறிவிடும்.

அங்கே கைகொடுத்தது நம்மவரின் மசூலாப் படகு. அதில் ஓர் ஆணி கூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது படகு நெளிந்து கொடுக்கும், தையல் வழியே நீர் கசியும், ஆனால் உடையாது. விறைத்த நூல் அறும், நெகிழ்ந்த நூல் நிற்கும் என்பதை நெசவாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா? புதுச்சேரியிலும் இதே நிலைமைதான். அங்கே பிரெஞ்சுக்காரர்களைக் கரை சேர்த்த படகுக்குச் சலங்கு என்று பெயர்.

தண்டேல் பின்புறம் நின்று, துடுப்பால் திசை திருப்பியவாறே அலையைக் கணிப்பான். தக்க அலை வந்ததும் அவன் குரல் கொடுக்க, துடுப்புக்காரர்கள் பாட்டோடு பலமாக வலிப்பார்கள். தவறி விழுந்தவரைத் தூக்கக் கட்டுமரங்கள் கூட வரும். படகு மணலைத் தொட்டதும் சீமாட்டிகளும் துரைமார்களும் படகோட்டிகளின் தோளேறித்தான் தரைக்கு வந்தார்கள். துணி மூட்டைகள் கப்பலுக்குப் போனதும் இதே படகுகளில்தான். தறியில் எத்தனை நேர்த்தியாக நெய்திருந்தால் என்ன? தண்டேலின் கணக்கு ஒரு கணம் பிசகினால் அத்தனை உழைப்பும் உப்பு நீரில் போய்விடும்.

1875-ல் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1881-ல் வீசிய புயல், கட்டிய சுவர்களில் பெரும் பகுதியைத் தகர்த்தது. மறுபடியும் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் ஆயின. கல்லும் சிமிட்டியும் தோற்ற இடத்தில், கயிற்றால் தைத்த படகு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்திருந்தது!

2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து இலங்கைக்கு ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. பிரயாணிகள் கால் நனையாமல் ஏறினார்கள். சந்தோஷமான விஷயந்தான். ஆனால் நம் குழந்தைகளின் பாடப் புத்தகத்தில் கோட்டை கட்டியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களைக் கரை சேர்த்த தண்டேல்களின் பெயர்கள் இல்லை. பெயர்கள் கிடைக்காவிட்டால் போகட்டும். அவர்கள் செய்த வேலையையாவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.